எழுபத்து நான்காம் பக்கம்

சின்னவளுக்குத் தாளம் மட்டும் தப்பாது. சுருதி முன்னே பின்னே இருக்கும், மேலே போனால் குரல் பிசிறடிக்கும். ஆனால் தொடையில் கையை வைத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டாளானால், பக்கத்தில் இடியே விழுந்தாலும் எண்ணிக்கை விட்டுப்போகாது. அந்த ஒரு திறமைதான் அவளை இசைக் கல்லூரி வரை கூட்டிக்கொண்டு போனது. அதே திறமைதான் பிற்பாடு அவள் மானத்தையும் வாங்கியது.

அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். அக்கா பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு கல்யாணமாகிப் போய்விட்டாள். அப்பா லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியூர். அம்மா சட்டை தைக்கும் தொழிற்சாலையில் மூன்றாவது லைனில் காலர் வைப்பவள். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருத்தி இசையில் முதுகலை படிக்கிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "முடிச்சா பாட்டு டீச்சரா, இல்ல சும்மா பாட்டா?" சின்னவள் சிரித்து மழுப்புவாள். பதில் அவளுக்கும் தெரியாது.

கல்லூரியில் யாராவது அம்மாவைப் பற்றிக் கேட்டால், "கார்மென்ட்ஸ்ல இருக்காங்க" என்பாள். அதற்கு மேலும் தோண்டினால், "குவாலிட்டி பக்கம்" என்பாள். காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தானே அம்மா அடுத்த மேசைக்குத் தள்ளுகிறாள், அதுவும் ஒரு குவாலிட்டிதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். பொய் சொல்கிறோம் என்பது தெரியும். காது மடல் சூடாகும். ஆனாலும் அடுத்த தடவையும் அதையேதான் சொல்வாள்.

இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும். முதலில் ஒரு பெரிய ராகத்தை எடுத்துக்கொண்டு போனாள். வழிகாட்டியான பேராசிரியை தாளைப் புரட்டக்கூட இல்லை.

"இந்த ராகத்தை வச்சு நூத்தம்பது ஆய்வேடு நம்ம லைப்ரரில தூங்குது. நீ நூத்தம்பத்தொண்ணா?"

அடுத்த மாதம் 'மேடைப் பயமும் இளம் பாடகர்களும்' என்று எழுதிக்கொண்டு போனாள்.

"நூறு பேருக்குக் கேள்வித்தாள் குடுப்பே, சதவீதம் போடுவே, பயிற்சி பண்ணினா பயம் குறையும்னு முடிப்பே. எனக்கு இப்பவே தெரிஞ்சதை நீ ஏன்மா ஒரு வருஷம் எழுதணும்?"

"வேற ஒண்ணும் தோணல மேடம்."

"சரி, உங்க வீட்ல யாரு பாடுவாங்க?"

"யாரும் இல்ல மேடம்" என்றாள் சின்னவள். சொன்ன மாத்திரத்தில் உள்ளே ஏதோ இடித்தது. பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அம்மா முணுமுணுப்பது ஞாபகம் வந்தது. "அம்மா... வேலை செய்யற இடத்துல பாடுவாங்க. எல்லாரும் சேர்ந்து."

"என்ன வேலை?"

அறையில் இன்னும் இரண்டு மாணவிகள் இருந்தார்கள். 'குவாலிட்டி பக்கம்' என்று அவர்களிடம் அளந்துவிட்டிருந்தாள். இப்போது மூன்று முகங்களும் அவளையே பார்த்தன.

"சட்டை தைக்கிறாங்க மேடம். லைன்ல உக்காந்து."

பேராசிரியை பேனாவை மூடி வைத்தார். "அத்தனை மெஷின் சத்தத்துலயா? அது எப்படி காதுல விழும்? யாரு தாளம் பிடிக்கிறது?" என்று வரிசையாகக் கேட்டார். "தெரியலைன்னா அதுதான் உன் தலைப்பு. போ" என்று அனுப்பிவிட்டார்.

தொழிற்சாலையில் அனுமதி வாங்க அம்மா பயந்தாள். மேலாளரின் அறைக்குப் பதினேழு வருஷத்தில் இரண்டே தடவைதான் போயிருக்கிறாள். துறையின் கடிதத்தை எடுத்துக்கொண்டு சின்னவள் தனியாகத்தான் போனாள். மேலாளர் தன்மையான மனிதர். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நம்ம லைன்ல பாடறதை ஆராய்ச்சி பண்ணப் போறியா? பண்ணு, தாராளமா பண்ணு. போட்டோ எடுக்கக் கூடாது, வேலை கெடக் கூடாது. முடிச்சதும் எனக்கு ஒரு காப்பி. நம்மளைப் பத்தி என்ன எழுதியிருக்கேன்னு நான் பாக்கணும் இல்லையா?"

நியாயமாகத்தான் பட்டது. தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

மூன்றாவது லைன் என்பது நீளமான ஒரு கூடத்தில் இருபத்திரண்டு மெஷின். தோள் இணைப்பவர் முதலில். அப்புறம் காலர், கை, கஃப் என்கிற மணிக்கட்டுப் பட்டி, பக்கத் தையல், கீழ் மடிப்பு. ஒருவர் தைத்து முடித்த பீஸ் அடுத்தவரின் இடதுபக்கத் தட்டில் போய் விழும். யாராவது தாமதித்தால் அந்தத் தட்டு மலையாகக் குவியும், கூடமே திரும்பிப் பார்க்கும், சூப்பர்வைசர் வந்து நிற்பார். மணிக்கு ஐம்பது பீஸ் டார்கெட். மணிக்கு மணி கரும்பலகையில் எண்ணிக்கை ஏறும்.

போன முதல் நாளே பெண்கள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "ஏ படிப்பு, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. நடுவுல நின்னா உன்னையும் சேத்துத் தைச்சு பார்சல் பண்ணிடுவாங்க." சொன்னவள் முதல் மெஷினில் இருந்த பெண். அவளை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு மெஷின் ஓடும்போதும் அவள் குரல் கடைசி மெஷின் வரை போகும். பாட்டை எடுத்துக் கொடுப்பது அவள்தான்.

கஃப் வைப்பவள் கண்ணாடியக்கா. லைனிலேயே மூத்தவள். கண்ணாடியின் கனத்தில் கண் இரண்டும் பெரிது பெரிதாகத் தெரியும். வலது கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அது லைனில் எல்லோருக்கும் தெரியும், ஆபீசுக்குத் தெரியாது. முழு சர்வீஸ் ஆக இன்னும் மூன்று வருஷம் அந்த மெஷினில் உட்கார்ந்தாக வேண்டும். "லைனை விட்டு என்னைத் தூக்கினா நேரா நூல் வெட்டற இடம், அங்கேருந்து நேரா வாசல். எத்தனை பேரைப் பாத்துட்டேன்" என்று ஒரு மதியம் சாப்பாட்டுக் கொட்டகையில் சொன்னாள். சின்னவள் அதை நோட்டில் எழுதவில்லை. பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தாள்.

பாட்டு பெரிதாக ஒன்றும் இல்லை.

*ஊசி ஊசி ஓடிப் போ*
*ஓடிப் போயி நின்னுக்கோ*

இப்படி எட்டு வரி. மெட்டும் நாலைந்து சுரத்துக்குள் அடங்கிவிடும். ஒரு சுற்று பாடி முடிப்பதற்குள் ஒரு பீஸ் முடியும். முதல் இரண்டு நாள் சின்னவளுக்கு அலுப்பாக இருந்தது. மூன்றாவது நாள்தான் அவள் தாளக் கை விழித்துக்கொண்டது. சில சுற்றுகளின் கடைசியில் இரண்டு வரி கூடுதலாக வந்தது.

*நின்னவளை யாரு பாத்தா*
*நூலு தானே பாத்தது*

இதற்கு அவர்கள் வைத்த பெயர் வால். எந்தச் சுற்றில் வால் வரும், எதில் வராது என்பதற்குக் கணக்கே பிடிபடவில்லை. நாலு சுற்று விட்டு வரும், அப்புறம் தொடர்ந்து பத்துச் சுற்று வரும், மறுபடி காணாமல் போகும். சின்னவள் விடவில்லை. ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், மடியில் நோட்டு, பதினோரு நாள் உட்கார்ந்தாள். ஆறாவது நாள், சாயங்காலத் தேநீருக்கு முன்னால், மைக் பாடிக்கொண்டே கழுத்தை லேசாக ஒடித்துக் கஃப் தட்டைப் பார்ப்பதைக் கண்டுபிடித்தாள். கண்ணாடியக்காவின் தட்டில் ஆறு பீஸுக்கு மேல் சேர்ந்தால் மைக் வாலைப் போடுவாள். இருபத்தோரு பேரும் அந்தக் கூடுதல் இரண்டு வரிக்குக் கையைத் தளர்த்துவார்கள். தட்டு இறங்கும். இறங்கியதும் வால் மறையும். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

சின்னவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தாள். வால் இல்லாத சுற்று ஐம்பத்தெட்டு விநாடி. வால் போட்ட சுற்று எழுபத்தொரு விநாடி. கண்ணாடியக்கா ஒரு கஃப் வைக்க எடுத்துக்கொள்வதும் அதே எழுபத்தொன்றுதான். நடுவில் மைக் இரண்டு நாள் லீவு போட்டாள், பாட்டு இல்லை. அந்த இரண்டு நாளும் கரும்பலகையில் மணிக்கு அறுபத்திரண்டு ஏறியது. கஃப் தட்டு மட்டும் வழிந்து தரையில் கொட்ட, பக்கத்து லைனிலிருந்து ஆள் வந்து உட்கார்ந்து தீர்த்தார்கள். சின்னவள் அதையும் அழகாகக் குறித்துக்கொண்டாள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வராதே.

வீட்டில் அம்மாவிடம் கேட்டாள். "அம்மா, அந்தக் கண்ணாடிப் பெரியம்மாவுக்காகத்தானே வாலைப் போடறீங்க?"

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அது பாட்டுக்கு வருது. பாட்டுன்னா முன்னே பின்னே வரத்தானே செய்யும்."

"இல்லம்மா, நான் அளந்து பாத்தேன்."

"இதையெல்லாம் போய் எழுதுவாங்களா? பாட்டு, ராகம் அதை எழுது."

அம்மாவுக்குத் தன் வித்தையின் அருமை தெரியவில்லை, பாவம் என்று சின்னவள் நினைத்தாள். அன்றைக்கே உட்கார்ந்து நான்காம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் எழுதினாள்: 'பாடுநர்கள் தங்கள் உத்தியைத் தாமே உணர்ந்திருக்கவில்லை, ஆய்வாளரின் அளவீட்டின் வழியாகவே அது வெளிப்படுகிறது.' எழுதி முடித்ததும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். அவ்வளவு நன்றாக அவள் அதற்கு முன் எழுதியதில்லை.

அந்த அத்தியாயத்தில் அம்மா 'பாடுநர் 5'. கண்ணாடியக்கா 'பாடுநர் 9'. பாட்டு உள்ள நாளும் இல்லாத நாளும் கட்டம் கட்டி எதிரெதிரே நிற்கும் அட்டவணை, எழுபத்து நான்காம் பக்கத்தில்.

வாய்மொழித் தேர்வு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது. அம்மா ஆசையாகக் கேட்டாள், "நான் அரை நாள் லீவு சொல்லட்டுமா? ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்." சின்னவள், "வெளி ஆளுங்களை விடமாட்டாங்கம்மா" என்றாள். தேர்வன்று கடைசி வரிசையில் மற்றவர்களின் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். வெளித் தேர்வாளர் அந்த வாக்கியத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டி, "இதுதான் ஆய்வு" என்றார். கைதட்டினார்கள். வழிகாட்டி முதுகில் தட்டிக் கொடுத்தார். அத்தனை கைதட்டலிலும் அவள் மனசு, அம்மா இந்நேரம் எத்தனையாவது காலரில் இருப்பாள் என்று எண்ணிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் சந்தோஷமும் இருந்ததால் வெட்கத்தை ஓரமாக ஒதுக்கி வைக்க முடிந்தது.

மறுநாளே, சொன்ன வாக்கைக் காப்பாற்ற, நீல அட்டை போட்ட ஒரு பிரதியை மேலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் எடையைக் கையால் பார்த்துச் சிரித்தார்.

"இவ்வளவையும் நான் எப்பம்மா படிக்கிறது? முக்கியமானது எங்க இருக்குன்னு காட்டு. அதை மட்டும் பாக்கறேன்."

சின்னவள் அவர் மேசையிலிருந்த மஞ்சள் ஒட்டுத்தாளில் ஒன்றைக் கிழித்து, எழுபத்து நான்காம் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தாள். தன் கையாலேயே. ஒட்டிவிட்டு விரலால் ஒரு தடவை அழுத்தியும் விட்டாள்.

மூன்று வாரம் கழித்து அம்மா வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிய இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டை நிறுத்திட்டாங்க."

"யாரு?"

"ஆபீஸ்ல. சத்தத்துல தரம் கெடுதுன்னு போர்டு வச்சிட்டாங்க. டார்கெட் அறுபது." அம்மா மணிக்கட்டைப் பிடித்து நீவிக்கொண்டாள். "முதல் நாளே அக்கா தட்டு வழிஞ்சுது. சூப்பர்வைசர் கையில வாட்ச்சோட பின்னாலயே நிக்கறாரு. அவங்க கண்ணு விஷயமும் தெரிஞ்சு போச்சு. இன்னிக்கு அவங்களைத் தூக்கி நூல் வெட்டப் போட்டாச்சு. நாள் பூரா நின்னுக்கிட்டே."

"யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க" என்றாள் அம்மா. "எங்களுக்குள்ள இருந்தது எப்படி அவருக்குத் தெரியும்? வாலு வரைக்கும் தெரிஞ்சிருக்கு. புதுசா ஒரு பொண்ணு பாக்கெட் வைக்க வந்திருக்கா இல்ல, அவதான்னு எல்லாரும் சொல்றாங்க. யாரும் அவகூட பேசறதில்ல."

எங்களுக்குள்ள இருந்தது. அந்தச் சொல் சின்னவளின் நெஞ்சில் போய்க் குத்தி நின்றது. உணர்ந்திருக்கவில்லை என்று எழுதினாளே. அவர்கள் இத்தனை வருஷமும் உணர்ந்து, தெரிந்து, பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அவர்கள் வித்தையில் பாதி. அதைப் போய் அறியாமை என்று அச்சடித்து, அட்டை போட்டு, மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாள். நான்தான் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் மேலாளரைப் பார்க்க ஓடினாள். அவர் முகம் மலர்ந்து எழுந்து நின்றார்.

"வா வா. உன்னைக் கூப்பிட்டு விடணும்னே இருந்தேன். வெளியிலேருந்து ஆளைக் கூட்டிட்டு வந்து வாட்சை வச்சு அளந்தாக்கூட இவ்வளவு சுத்தமா வராது."

"சார், அது இசை ஆராய்ச்சி சார். வேகத்தைப் பத்தி இல்ல."

"நீ எதைப் பத்தி வேணா எழுதியிருக்கலாம். நம்பர் நம்பர்தானே?"

"கஃப் வைக்கிற பெரியம்மாவை மறுபடி லைன்ல உக்கார வைங்க சார். என்னாலதான் அவங்க..."

"உன்னால என்னம்மா? கண்ணு தெரியாத ஆளு ஊசிக்கிட்ட உக்காரலாமா? நாளைக்கு விரல்ல ஏறிச்சுன்னா யாரு பதில் சொல்றது?" அவர் குரலில் கோபமே இல்லை. அக்கறை மாதிரிதான் இருந்தது. அதனாலேயே அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. "ஒண்ணு பண்ணு. ரெண்டாவது லைன், நாலாவது லைனையும் இதே மாதிரி அளந்து குடு. வேலையாவே எடுத்துக்கறேன். நல்ல போஸ்டு. யோசிச்சுப் பாரு."

முடியாது என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வாய் தானாகச் சொன்னது. படியிறங்கும்போது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் உண்மையாகவே யோசித்துத்தான் பார்த்தாள். அதை மட்டும் பின்னால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கீழே மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. கொட்டகையில் மூன்றாவது லைன் பெண்கள் வழக்கம்போல நீள பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியக்கா கால் இரண்டையும் பெஞ்சின் மேல் நீட்டி, கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தாள். எட்டத்தில், குழாயடிக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். அதுதான் புதுசு என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. அவள் டிபன் பாக்ஸை மூடியால் பாதி மறைத்துக்கொண்டு அவசர அவசரமாக விழுங்கியதைச் சின்னவளால் பார்க்க முடியவில்லை.

"ஏ படிப்பு, வா வா. பட்டம் வாங்கினதுக்கு எங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்றாள் மைக்.

"அத்தை, அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல" என்றாள் சின்னவள். நின்றபடியேதான் சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். "நான்தான். என் புஸ்தகத்துல இருக்கு. சாருக்கு ஒரு காப்பி குடுத்தேன்."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. அம்மா டிபன் பாக்ஸின் மூடியை எடுத்துப் பொருத்தினாள். பொருந்தவில்லை. மறுபடி பொருத்தினாள்.

"என்ன இருக்கு?" என்று கேட்டாள் மைக்.

"எல்லாம். வாலு எப்ப வரும், எதுக்கு வரும், அது இல்லைன்னா எத்தனை பீஸு வரும்."

"புஸ்தகம் கையில இருக்கா?"

பையில் இருந்தது. சாரிடம் காட்டி வாதாடலாம் என்று எடுத்து வந்திருந்தாள். பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

"படி, கேப்போம். எங்களைப் பத்தி எழுதினதை நாங்க கேக்க வேணாமா?"

சின்னவள் படித்தாள். தேர்வாளர் படித்தபோது அவ்வளவு மிடுக்காக இருந்த வரிகள் கொட்டகையில் வாய்க்குள் சிக்கிக்கொண்டன. 'பாடுநர்கள் தங்கள் உத்தியை' வரை வந்து நின்றாள்.

"ம், மேல படி."

"...தாமே உணர்ந்திருக்கவில்லை."

"அப்படின்னா?"

"நீங்க... நீங்க தெரியாமத்தான் செய்யறீங்கன்னு எழுதியிருக்கேன்."

முதலில் சிரித்தது கடைசி மெஷின்காரி. அப்புறம் ஒவ்வொருத்தியாக. மைக் தொண்டையில் சோறு புரையேறி இரும, பக்கத்தில் இருந்தவள் தலையில் தட்டினாள். "இத்தனை வருஷமா தெரியாமத்தான் கழுத்தை ஒடிச்சு ஒடிச்சுப் பாக்கறேனாம்" என்றாள் மைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. திட்டியிருந்தால் சின்னவள் தாங்கியிருப்பாள். இந்தச் சிரிப்பு அவளைத் தோலுரித்து வெயிலில் நிறுத்தியது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மூடிய டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை எத்தனைன்னு போட்டிருக்கே?" என்று கேட்டாள் கண்ணாடியக்கா.

"எழுபத்தொரு விநாடி, பெரியம்மா."

"எழுபத்தொண்ணா." அவள் அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "நான் இன்னும் மோசம்னு நினைச்சுட்டு இருந்தேன். பரவாயில்லையே." சொல்லிவிட்டுக் காலை இறக்கிச் செருப்பைத் தேடினாள். செருப்பு பெஞ்சுக்குக் கீழே தள்ளிக் கிடந்தது, அவளுக்குத் தெரியவில்லை. சின்னவள் குனிந்து எடுக்கப் போனாள். அதற்குள் அம்மா காலால் நகர்த்திக் கொடுத்துவிட்டாள்.

"பெரியம்மா, நான் காலேஜ்ல சொல்லி அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்றேன். சாருக்கும் எழுதிக் குடுக்கறேன், தப்பா அளந்துட்டேன்னு."

"ஐயோ, வேணாம் தாயே" என்றாள் மைக். "நீ எழுதின வரைக்கும் போதும்."

அப்புறம் மைக் திரும்பி, குழாயடிப் பக்கம் குரல் கொடுத்தாள். "ஏ புதுசு, அங்க என்ன சுவத்துக்கு ஊட்டிட்டு இருக்கே? இங்க வந்து உக்காரு." அந்தப் பெண் நம்பாமல் பார்த்தாள். "வாடி. எங்க புத்தி கெட்டுப் போச்சு, மனசுல வச்சுக்காதே." பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

நகர்ந்த இடத்தில் புதுசு உட்கார்ந்தாள். பெஞ்ச் நிறைந்துவிட்டது. மைக் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, "இப்ப அக்கா விஷயத்துக்கு என்ன வழின்னா..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, சின்னவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. ஆபீஸ் ஆட்கள் நடந்து போகும்போது பேச்சை நிறுத்திப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"நீ கிளம்பும்மா. எங்களுக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்திருக்கவில்லை. புத்தகத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவள் வெளியே நடந்தாள். முதுகுக்குப் பின்னால் மைக்கின் குரல், அத்தனை பெரிய குரல், ரகசியம் பேசும் அளவுக்குத் தணிந்துபோனது.

அன்று சாயங்காலமே வேலை வேண்டாமென்று மேலாளருக்கு நாலு வரி எழுதி அனுப்பினாள். வழிகாட்டி அந்த அத்தியாயத்தைக் கட்டுரையாக வெளியிடலாம் என்று கேட்டபோது, முடியாது மேடம் என்றாள். "என்னம்மா இது, கையில வந்ததைத் தள்ளி விடறே?" என்று அவர் கடிந்துகொண்டார். நூலகத்திலிருந்து பிரதியை எடுக்க விதியில் இடமில்லை என்றும் சொன்னார். அது அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் அம்மா அவளைத் திட்டவே இல்லை. வழக்கம்போலச் சமைத்தாள், துணி மடித்தாள், அப்பா போனில் கேட்டபோது, "ஆமா, நல்ல மார்க்கு வாங்கியிருக்கா" என்றாள். மன்னித்துவிட்டாள் என்றுகூடச் சின்னவள் ஒரு வாரம் நம்பினாள்.

ஐந்து வாரம் ஆகியிருக்கும். சட்டைப் பித்தான்களை டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த அம்மா, தன்னை மறந்த சந்தோஷத்தில், "அக்கா திரும்ப லைனுக்கு வந்துட்டாங்க. அதே மெஷின்" என்றாள்.

சின்னவள் நிமிர்ந்தாள். "மறுபடி பாட விட்டுட்டாங்களா?"

"பாட்டெல்லாம் இல்ல. அறுபதும் அப்படியேதான் இருக்கு."

"அப்புறம் எப்படிம்மா?"

அம்மாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. "அதுவா? மைக் என்ன பண்ணினான்னா, காலைல பண்டில் பிரிக்கும்போதே..." சொல்லிக்கொண்டே வந்தவள் மகளின் கையைப் பார்த்தாள். அந்தக் கையில் பேனாவும் இல்லை, வாட்சும் இல்லை. சும்மாதான் மடியில் கிடந்தது. ஆனாலும் அம்மா அதையே பார்த்தாள்.

"எப்படியோ வந்துட்டாங்க" என்று முடித்துக்கொண்டு, பித்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "உனக்குச் சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?"

"ம்" என்றாள் சின்னவள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.